துடைத்ததும் துளைத்ததும்

கோபம் வந்தால் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும். கத்துகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அவர்கள் கத்தி முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எனக்கு அது உள்ளேயே கிடக்கும். இந்த விஷயத்தில் இன்னமும் கிடக்கிறது. எழுதினால் ஆறும் என்று சிலர் சொன்னார்கள். ஆறிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் எனக்கு வேலை. கம்பெனிகளும் கல்லூரிகளும் வேண்டாம் என்று கழிக்கும் கம்ப்யூட்டர்கள் லாரியில் வந்து இறங்கும். அவற்றின் ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஓர் எழுத்துகூட மிஞ்சாமல் நீக்கி, வேறு யாராவது பயன்படுத்தும்படி ஆக்குவது என் பிரிவு. நான் எம்.சி.ஏ. படித்தவள். வீடு தச்சநல்லூரில். கம்பெனி வேனில் போய் வருவேன். என்னோடு அந்த அறையில் இருந்த அக்கா பாளையங்கோட்டைக்காரர். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பல வருஷம் பாடம் எடுத்துவிட்டு, அதை மூடிய பிறகு எங்களிடம் வந்தவர்.

டெலிட் பட்டனை அழுத்தினால் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். போகாது. பெயர்ப்பலகையைக் கழற்றினால் வீடு இடிந்துவிடுமா? அது போலத்தான். டிஸ்க்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை ஓரிடம் விடாமல் பூஜ்ஜியங்களை எழுதிக்கொண்டே போக வேண்டும். எழுதி முடித்ததும் திரும்ப முதலிலிருந்து வாசித்து, எல்லா இடத்திலும் பூஜ்ஜியம்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய டிஸ்க் என்றால் ஒரு பகல் முழுக்க ஓடும். சுவரோரம் நிற்கும் ரேக்குகளில் வரிசை வரிசையாகச் செருகிவிட்டு, அவற்றின் சூட்டிலும் இரைச்சலிலும் உட்கார்ந்திருப்போம். நடுவில் கரண்ட் போனால் அத்தனையும் ஆரம்பத்திலிருந்து. ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அது எழுந்து வருவதற்குள் ஒரு வரிசை செத்திருக்கும்.

அக்காவுக்குக் காது கூர்மை. "ஏட்டி, கீழ வரிசையில ஒண்ணு டிக் டிக்குன்னு அடிக்குது பாரு, அது தேறாது" என்பார். அப்படித் தேறாததை எடுத்து நசுக்கப் போடுவோம். தேறியதற்குப் பச்சை ஸ்டிக்கர். உள்ளே என்ன இருந்தது என்று நாங்கள் திறந்து பார்ப்பதில்லை. அதில் எங்கள் இரண்டு பேருக்கும் பிடிவாதம் உண்டு. அடுத்தவர் வீட்டு பீரோ அது.

இந்த வேலைக்குத் தமிழில் சரியான வார்த்தை இல்லாதது பெரிய தொல்லை. அழிக்கிறது என்றால் கரும்பலகையை அழிப்பதும் அழிக்கிறதுதான், ஊரை அழிப்பதும் அழிக்கிறதுதான். அதனால் நாங்கள் துடைக்கிறது என்று சொல்லுவோம். துடைத்த பிறகு பொருள் இருக்கும். இந்த ஒரு வார்த்தைக்காக நான் பிறகு எவ்வளவு பேச வேண்டியிருந்தது என்று நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில் வேலையை இங்கே உட்கார்ந்து செய்துகொடுத்த ஒரு கம்பெனி, திருநெல்வேலி ஆபீஸை மூடியது. அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் எங்களிடம் வந்தன. ரொம்பப் பழசில்லை, நன்றாகப் பராமரித்த மெஷின்கள். ஒப்பந்தம் எளிமையானது. டிஸ்க்குகளைத் துடைத்து, மெஷின்களைச் சரிபார்த்து, திரும்பப் பொருத்தி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி தன் பெயரில் தர்மக் கணக்கு எழுதிக்கொள்ளும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பெயர் யாருக்குப் போனால் என்ன, பிள்ளைகள் விரல் வைக்க மெஷின் கிடைக்கிறதே.

பள்ளிக்கூடங்களைப் போய்ப் பார்த்து வரும் பொறுப்பை எங்கள் முதலாளி என்னிடம் கொடுத்தார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். இரும்புக் கடையில் ஆரம்பித்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். நான் முதலில் போனது, அம்பாசமுத்திரத்திலிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடம். சுற்றிலும் நெல் வயல். மழை பெய்து முடித்த நாள், மலை கிட்டத்தில் தெரிந்தது. தலைமை ஆசிரியையை அங்கே எல்லோரும் பெரிய டீச்சர் என்றார்கள். கண்டிப்பானவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. உட்காரச் சொல்லுவதற்கு முன்பே கேட்டார்.

"நெசமாவே தருவியளா, இல்ல போட்டோ புடிச்சிட்டுப் போயிருவியளா? ஏற்கனவே ஒருத்தர் வந்து போட்டோ புடிச்சிட்டுப் போனாரு."

"தருவோம் டீச்சர். நான் பொறுப்பு" என்றேன்.

அவர் பழைய தையல் அறையைத் திறந்து காட்டினார். ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. இத்தனை மெஷினுக்கு ஒயரிங் புதிதாகப் போட வேண்டும் என்று சொன்னேன். அடுத்த முறை போனபோது போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளையின் அப்பா எலக்ட்ரீசியனாம். அறுவடை நேரத்தில் வயல் வேலையை விட்டுவிட்டு வந்து, சுவரெல்லாம் கொத்தி, பைப் போட்டு, மேஜைக்கு மேஜை பிளக் வைத்துக் கொடுத்திருந்தார். அந்தச் சுவரில் சிமெண்ட் பூசிய இடம் இன்னும் காயாமல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

அந்த லாட் முழுவதையும் துடைத்து முடிக்க எங்களுக்கு ஏறக்குறைய ஒரு கோடைகாலம் பிடித்தது. தகரக் கூரைக்குக் கீழே, ரேக்கின் சூட்டில், கூலருக்கு முன்னால் முறை வைத்து உட்கார்ந்து வேலை பார்த்தோம். கரண்ட் போன நாட்களில் அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். கடைசி டிஸ்க்கில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியபோது அவர் எல்லோருக்கும் தன் காசில் முறுக்கு வாங்கி வந்தார்.

மறுவாரம் அந்தக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி சென்னையிலிருந்து வந்து இறங்கினார். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. அண்ணாச்சியின் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

வேறு ஏதோ ஓர் ஊரில், வேறு யாரோ ஒரு கம்பெனியின் டிஸ்க்குகள், துடைக்கப்படாமலே பழைய சாமான் சந்தைக்கு வந்துவிட்டனவாம். உள்ளே ஆட்களின் விவரமெல்லாம் அப்படியே இருந்ததாம். செய்தியில் வந்துவிட்டது. உடனே இவர்களுடைய மேலிடம் பயந்துவிட்டது. எல்லா டிஸ்க்கையும் உடைத்துவிட வேண்டும், உடைப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

"சார், அவங்க துடைக்கல. நாங்க துடைச்சிருக்கோம். திரும்ப வாசிச்சும் பாத்திருக்கோம். எதை வேணும்னாலும் எடுங்க, நீங்களே செருகிப் பாருங்க" என்றேன்.

"பாக்கத் தேவையில்ல மேடம். நானும் இதே ஃபீல்டுலதான் இருக்கேன். நீங்க செஞ்சது கரெக்ட். உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு ஒடைக்கணும்?"

"ஸ்க்ரீன்ல பூஜ்ஜியம் தெரியறத பார்த்தா மேல இருக்கறவங்களுக்கு நம்பிக்கை வராது. ஓட்டை தெரிஞ்சா வரும். அவ்ளோதான்."

அவருக்குத் தெரியாமல் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தெரியாதவருக்கு விளக்கலாம். இவர் எல்லாம் தெரிந்துகொண்டு, என்னைப் பாராட்டவும் செய்துவிட்டு, உடைக்கச் சொன்னார். துடைக்காமல் விற்றவன் செய்த தப்புக்கு, துடைத்து வைத்திருக்கும் பொருளுக்குத் தண்டனை.

"அப்ப பள்ளிக்கூடத்துக்கு?" என்று கேட்டேன்.

"அது மாறல மேடம். கம்ப்யூட்டர்ஸ் போகும். டிஸ்க் மட்டும் இருக்காது."

டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், கறுப்புத் திரையில் ஏதும் இல்லை என்று ஒரு வரி வரும். புது டிஸ்க் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தால் அந்தப் பெரிய டீச்சர் என்னிடம் ஏன் பேசப் போகிறார்? நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக சரக்கும்மா. அவுக ஒடைக்கச் சொன்னா ஒடைக்க வேண்டியதுதான். நாம சொல்லுததுக்கு என்ன இருக்கு?"

"ஒப்பந்தத்துல துடைச்சுக் கொடுக்கணும்னுதான் அண்ணாச்சி இருக்கு."

அதிகாரி மெதுவாகத் தன் காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தமிழ்ப் பிரதியில் 'அழித்தல்' என்றுதான் இருந்தது. "ரெண்டுக்கும் அதே வார்த்தைதானே மேடம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் குரல் தாழ்ந்துவிட்டிருந்தது. அவர் நான் சமாதானமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் டவுனில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் கணக்குப் பார்க்கிறார். நல்ல மனிதர். ஆனால் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்.

"சவத்த விடு. அவுக பொருளு, அவுக ஒடைக்காவ. ஒனக்குச் சம்பளம் வருதுல்லா?"

"இட்லிக் கொப்பரைய ஒரு நா முழுக்க உக்காந்து வெளக்கி வச்சிருக்கேன். ஒருத்தன் வந்து, வெளக்குனது நல்லாத்தான் இருக்கு, ஆனா அடியில ஓட்டை போட்டாத்தான் வெளக்குனதா நம்புவேன்னு சொன்னா, நீங்க என்ன சொல்லுவிய?"

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தார்கள்.

துளை போடும் மெஷினை அதிகாரியே வாடகைக்கு ஏற்பாடு செய்து கொண்டுவந்தார். கூடத்தின் நடுவில் நிறுத்தினார்கள். அதை இயக்க ஓர் ஆள், வீடியோ எடுக்க ஓர் ஆள். ஒவ்வொரு டிஸ்க்கையும் கையில் எடுத்து, அதன் மேல் இருக்கும் எண்ணை கேமராவுக்கு முன்னால் உரக்க வாசித்து, மெஷினில் வைக்கக் கொடுக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவள் நான். துடைத்தவரே வாசித்தால் அத்தாட்சி பலமாக இருக்குமாம்.

முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். போனால் என் இடத்தில் அக்காவை நிற்கவைப்பார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் நின்றேன்.

முதல் டிஸ்க்கை எடுத்து எண்ணை வாசித்தேன். அதோடு நிறுத்தத் தோன்றவில்லை. "துடைச்சாச்சு. பழுது இல்ல. நல்லா ஓடும்" என்று சொல்லி, மெஷின்காரரிடம் நீட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெஷினின் துளையூசி இறங்கியது. அலுமினியம் சுருள் சுருளாக வந்து விழுந்தது. இரண்டாவதையும் எடுத்தேன். எண். "துடைச்சாச்சு. பழுது இல்ல. நல்லா ஓடும்."

"மேடம், நம்பர் மட்டும் போதும்" என்றார் அதிகாரி.

"நம்பர் உண்மை. இதுவும் உண்மை. ஒண்ண மட்டும் எதுக்கு சார் சொல்லணும்?"

"வீடியோவுக்கு அது தேவையில்ல."

"அப்ப நீங்க வந்து வாசிங்க. நான் ஒதுங்கிக்கிடுதேன்."

அவர் யோசித்தார். பிறகு கையை ஆட்டினார், சொல்லிக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. நான் சொன்னேன். அந்த நாள் முழுக்க, ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். லேப்டாப் டிஸ்க்குகள் வந்தபோது சத்தம் வேறு மாதிரி இருந்தது. அவற்றுக்குள் இருக்கும் தட்டு கண்ணாடி. ஊசி பட்டதும் உள்ளேயே நொறுங்கும். கையில் எடுத்து ஆட்டினால் தகர டப்பாவில் மணலைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கேட்டது. மத்தியானத்துக்குப் பிறகு என் தொண்டை கட்டிவிட்டது. அக்கா வந்து பக்கத்தில் நின்றார். நான் எண்ணை வாசிக்க, அவர் மீதியைச் சொன்னார். பாடம் நடத்துகிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மெஷின்காரர் நடுவில் ஒருமுறை கையை எடுத்துவிட்டு, "எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போய்விட்டார்.

சில வாரம் கழித்து அந்த வீடியோவை அக்கா போனில் காட்டினார். கம்பெனி தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. பாதுகாப்பில் எங்களுக்கு இருக்கும் அக்கறை என்று ஆங்கிலத்தில் தலைப்பு. நான் வாசிப்பதும் அக்கா வாய் அசைப்பதும் தெரிந்தது. குரல் இல்லை. குரலை எடுத்துவிட்டு வீணை இசையைப் போட்டிருந்தார்கள். பார்ப்பவர்களுக்கு, இரண்டு பெண்கள் சந்தோஷமாக ஒத்துழைக்கிற மாதிரி இருக்கும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன்.

ஆனால் அதற்கு முன்பே பெரிய டீச்சரிடம் சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொல்லத் தைரியமில்லாமல் நேரில் போனேன். அவர் ஆறுதல் சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் அப்படிச் செய்யவில்லை.

"நான் பொறுப்புன்னு சொன்னது நீங்கதான. கம்பெனி எங்கிட்ட சொல்லல. நீங்க சொன்னிய. நான் பெத்தவுகளக் கூப்பிட்டு வச்சு ஒங்க வார்த்தையச் சொல்லிட்டேன். அந்த மனுசன் கூலி வாங்காம செவரக் கொத்திட்டுப் போயிருக்காரு. அவருகிட்ட நான் இப்ப என்னத்தச் சொல்ல?"

"நான் சண்டை போட்டேன் டீச்சர்."

"போட்டியன்னா சரி. மெசின் ஓடுமா?"

"ஓடாது."

"பெறகு?"

எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது. ஒரு கோடை முழுக்க வெந்தது நான், தொண்டை போனது எனக்கு, திட்டு வாங்குவதும் நானா என்று. பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சி தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தக் கம்பெனி அதிகாரியின் போன் நம்பர்கூட டீச்சரிடம் இல்லை. திட்டுவதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் நான்தான். அந்த அதிகாரிக்கு மேல் இருக்கிறவர்கள் யார் என்று எனக்கும் தெரியாது. எல்லாம் அப்படி வசதியாக அமைக்கப்பட்டிருக்கிறது.

மறுநாள் அண்ணாச்சியிடம் போனேன். எங்கள் கூடத்தில் வேறு டிஸ்க்குகளும் இருந்தன. நூல் மில் ஒன்றின் ஆபீஸிலிருந்தும் சில சின்ன இடங்களிலிருந்தும் எங்கள் கம்பெனியே விலைக்கு வாங்கியவை. கொள்ளளவு குறைவு, ஆனால் துடைத்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியவை. மதுரைக்கு விற்பனைக்குப் போக இருந்தன.

"அதக் குடுங்க அண்ணாச்சி. அந்த மிஷன் பள்ளிக்கூடத்து மெசின்கள்ல போடணும். மத்த எடத்துல நான் வாக்குக் குடுக்கல."

அவர் ஜன்னல் வழியாக, ஓட்டை போட்ட டிஸ்க்குகளை அள்ளி வைத்திருந்த சாக்குகளைப் பார்த்தார்.

"இரும்புக் கடை வச்சிருந்த காலத்துல ஒடஞ்சதத்தாம்மா எடுத்துருக்கேன். ஓடுத சாமான ஒடைச்சது இதான் மொதத் தடவ." பிறகு, "பாதிய எடுத்துக்கோ. மிச்சத்துக்கு ஆளு சொல்லியாச்சு" என்றார்.

"அன்னைக்கு இத அந்த ஆளுகிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா அடுத்த லோடு வராதுல்லா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால் எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை.

ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் டிஸ்க்குகளைத் துண்டில் சுற்றி, இரண்டு கட்டைப்பைகளில் வைத்து, அம்பாசமுத்திரம் பஸ் ஏறினோம். பள்ளிக்கூடத்தில் மெஷின்கள் ஏற்கனவே வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. கம்பெனி தன் பெயர் போட்ட பெரிய பிளக்ஸ் பேனரையும் கூடவே அனுப்பியிருந்தது. வாசலில் கட்டிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்களாம். பெரிய டீச்சர் அதைக் கட்டவில்லை. சத்துணவுக் கூடத்தில் விறகு நனையாமல் மூடுவதற்குக் கொடுத்துவிட்டார். "ஓடாத மெசினுக்கு எதுக்குப் பேனரு?" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

திருப்புளியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் பொருத்தினோம். சாயங்காலத்துக்குள் கொண்டுபோனதெல்லாம் ஓடியது, ஒன்றைத் தவிர. அந்த டிஸ்க்கின் சர்க்யூட் பலகையே போய்விட்டிருந்தது. மீதி மெஷின்கள் சுவரோரம் சும்மா நின்றன. பெரிய டீச்சர் ஒவ்வொன்றாகப் பட்டனை அழுத்தி, திரை வெளிச்சமாவதைப் பார்த்தபிறகுதான் அடுத்ததற்குப் போனார். நன்றி சொல்லவில்லை. "மிச்சத்துக்கும் பாருங்க" என்றார். பார்க்கிறேன் என்று சொன்னேன். நான் பொறுப்பு என்று இந்த முறை சொல்லவில்லை.

இப்போது யார் டிஸ்க் லாட்டோடு வந்தாலும் முதலில் நான்தான் பேச வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆபீஸ் மேனேஜர் வந்தார்.

"அழிச்சுத் தரணும்" என்றார்.

"அந்த வார்த்தை வேண்டாம் சார். துடைச்சுத் திரும்ப ஓட்டணுமா, இல்ல ஒடைக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணு இல்ல. ஒடைக்கணும்னா இப்பவே சொல்லிருங்க, நாங்க துடைக்க மாட்டோம். நேரா மெஷினுக்கு அனுப்பிருதோம். துடைச்ச பெறகு ஒடைக்கச் சொன்னா நான் கை வைக்க மாட்டேன். இத எழுதிக் கையெழுத்துப் போடணும்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு கறாராக யாரும் கேட்டதில்லை என்றார். மேலே கேட்டுவிட்டுச் சொல்வதாகப் போனார். இன்னும் வரவில்லை. அண்ணாச்சி அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா மட்டும், "நல்லாத்தாம் கேட்ட, ஏட்டி. வரலன்னா போறான்" என்றார்.